மீக்காவின் வீடும் நமது வீடும்



சில வாரங்களுக்கு முன்னர் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலே பத்தாம் ஆண்டில் கற்கும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பாடசாலையில் அவளருகே அமரும் தோழி வேறொரு சபையைச் சேர்ந்தவள். கத்தோலிக்கர் சிலைகளை வணங்குகிறவர்கள், பத்துக் கட்டளைகளில் முதலாவதையே மீறுகிறவர்கள் என்று அந்தத் தோழி கூறிவிட்டாளாம். "பாதர், நாங்கள் சிலை வழிபாட்டுக்காரரா?" என்று பிள்ளை கேட்டாள். கேட்கும்போது அவளது குரல் தழுதழுத்தது.

குருமடத்தில் நான் கற்ற விடை என்னிடம் ஆயத்தமாக இருந்தது. உடன்படிக்கைப் பேழையின்மீது பொன்னாலான இரு கெருபுகளைச் செய்து வைக்குமாறு பணித்தவரும் அதே கடவுளே என்றேன் (விப 25:18). கி.பி. 787இல் நிசேயா நகரிற் கூடிய இரண்டாவது பொதுச்சங்கம் இது குறித்துத் தெளிவாகக் கற்பித்துள்ளதையும் சொன்னேன். திருவுருவத்துக்குச் செலுத்தப்படும் வணக்கம் அவ்வுருவம் குறித்து நிற்பவரையே சென்றடைகின்றது. ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்கு நாம் அளிப்பது வணக்கம். பிள்ளை ஆறுதலடைந்து அமர்ந்தாள். அடுத்த பாடத்துக்குச் சென்றோம்.

நான் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அன்று மாலை பங்குமனையில் தனித்திருந்தபோது மனம் அமைதி கொள்ளவில்லை. அந்தத் தோழியின் குற்றச்சாட்டு தவறான பொருளைச் சுட்டியது. ஆனால் நம்மிடம் சுட்டிக்காட்ட வேறொன்றும் இல்லை என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சிலை வழிபாடு என்பது பிற தெய்வங்களைத் தொழுவது மட்டுமன்று என்று 2113ஆம் எண்ணிலே கற்பிக்கின்றது. படைக்கப்பட்ட எதையேனும் கடவுளின் இடத்தில் வைத்துப் போற்றும்போதெல்லாம் அது நிகழ்கின்றது. அதிகாரம், இன்பம், இனம், முன்னோர், அரசு, பணம் என்று அந்நூல் தரும் பட்டியலில் மரத்தாலோ கல்லாலோ ஆனது ஒன்றுகூட இல்லை.

இதனை எண்ணியவாறு நீதித் தலைவர்கள் நூலைப் புரட்டியபோது, பதினேழாம் பதினெட்டாம் அதிகாரங்களில் வரும் மீக்காவின் கதையில் என் கண் நின்றது. ஞாயிறு வாசகங்களில் இப்பகுதி வருவதில்லை. எனவே நம்மவரிற் பலர் இதனைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எப்ராயிம் மலைநாட்டிலே மீக்கா என்றொருவன். அவனுடைய தாய் வைத்திருந்த ஆயிரத்து நூறு வெள்ளிக்காசுகள் களவு போயின. எடுத்தவனைத் தாய் சபித்தாள். எடுத்தவன் மகனேதான். சாபத்துக்கு அஞ்சி அவன் காசைத் திருப்பிக் கொடுத்ததும், அதே வாயால் தாய் அவனை ஆசீர்வதித்தாள். அந்த வெள்ளி முழுவதையும் ஆண்டவருக்கு அர்ப்பணிப்பதாக நேர்ந்தாள். பின்பு அதில் இருநூறு காசை எடுத்துத் தட்டானிடம் கொடுத்து ஒரு சிலை செய்வித்து மகனுடைய வீட்டிலே வைத்தாள். எஞ்சிய தொள்ளாயிரமும் எங்கே போயின என்று விவிலியம் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் வைத்துப் பழகிய நம்மவர்களுக்கு அதனைச் சொல்லத் தேவையுமில்லை!

இனித்தான் கதையின் நெஞ்சு வருகின்றது. அந்தச் சிலை பாகாலுக்காகச் செய்யப்பட்டதன்று. இஸ்ரயேலின் ஆண்டவருடைய பெயராலேயே அது செய்யப்பட்டது. அந்த வீட்டில் எவரும் கடவுளை மறுதலிக்கவில்லை. கடவுளின் பெயர் அங்கு ஒவ்வொரு நாளும் ஒலித்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கோவில், அதற்கொரு குரு. முதலில் தன் மகன் ஒருவனையே குருவாக வைத்திருந்த மீக்கா, பெத்லகேமிலிருந்து பிழைப்புத் தேடி வந்த லேவி குலத்து இளைஞன் ஒருவனைக் கண்டதும் ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசும் ஓர் உடையும் உணவும் தருவதாகப் பேசி அவனை அமர்த்திக்கொண்டான். லேவியன் ஒருவன் தனக்குக் குருவாக வாய்த்துவிட்டபடியால் ஆண்டவர் இனித் தனக்கு நன்மையே செய்வார் என்று மகிழ்ந்தான். கடவுள் தன் வீட்டுக்குக் காவலாளியாகிவிட்டார் என்பது அவன் எண்ணம்.

பின்பு தாண் குலத்தார் படையோடு வந்தனர். சிலையையும் எடுத்துக்கொண்டனர், குருவையும் அழைத்தனர். ஒரு வீட்டுக்குக் குருவாக இருப்பதைவிட ஒரு குலத்துக்கே குருவாக இருப்பது மேலன்றோ என்று அவர்கள் கேட்டபோது லேவியனின் உள்ளம் மகிழ்ந்தது என்கின்றது விவிலியம். சம்பளம் கூடிய இடத்துக்கு அவன் போய்விட்டான். மீக்கா பின்னால் ஓடிச்சென்று கதறினான். நான் செய்த தெய்வங்களையும் என் குருவையும் கொண்டுபோகிறீர்களே, இனி எனக்கு என்ன இருக்கிறது என்பதே அவன் கதறலின் பொருள் (நீத 18:24).

அன்பர்களே, இந்தக் கதறலையே நம்மை அளக்கும் கோலாக நான் எடுத்துக்கொள்கிறேன். நாம் செபிக்கிறோமா, திருப்பலிக்கு வருகிறோமா என்று கேட்டால் மீக்காவும் ஆம் என்பான். எது பறிபோனால் எனக்கு இனி ஒன்றுமே இல்லை என்று கதறுவேன் என்று கேட்டுப் பார்த்தாற்றான் வீட்டிலே எது பீடத்தில் இருக்கின்றது என்பது தெரியவரும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். கல்வி நம் மக்களின் செல்வம்; போரும் இடப்பெயர்வும் எல்லாவற்றையும் அழித்தபோதும் அழியாது நின்றது அதுவே. அதனைப் பழிக்க எனக்கு மனமில்லை. பரீட்சைக்கு முன்னர் பிள்ளைகளின் பேனாக்களை ஆசீர்வதிக்குமாறு பெற்றோர் கேட்கின்றனர். நானும் மகிழ்வோடு ஆசீர்வதிக்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளை விடியற்காலை எழுந்து ஒரு வகுப்பு, பாடசாலை விட்டதும் இன்னொரு வகுப்பு, இரவிலே மாதிரி வினாத்தாள் என்று ஓராண்டு முழுவதும் ஓடுகின்றது. ஞாயிறு முற்பகலிலாவது தனியார் வகுப்புகளை நிறுத்துங்கள் என்று சமயத் தலைவர்கள் பல தடவை வேண்டியும் பயன் பெரிதாக இல்லை. வகுப்பு நடத்துவோரை மட்டும் குறைசொல்ல முடியாது. திருப்பலிக்கும் வகுப்புக்கும் ஒரே நேரம் அமைந்தால் எதனை விடுவது என்று நம் வீடுகளில் விவாதம்கூட நடப்பதில்லை.

பெறுபேறு வெளியான பின்வரும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கவனித்திருக்கிறேன். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் சந்தியிலே பதாகையாகத் தொங்குகின்றது. தாண்டாத பிள்ளையின் குடும்பம் கோவிலுக்கு வருவதில்லை. ஒரு தடவை அப்படி வராதிருந்த வீடொன்றுக்குச் சென்றேன். தாய் அழுதுகொண்டிருந்தார். பிள்ளையோ கதவின் பின்னால் நின்று, "பாதர், நான் அம்மாவுக்கு வெட்கம் தேடித்தந்துவிட்டேன்" என்றது. மோலேக்கு என்னும் தெய்வத்துக்குப் பிள்ளைகளைப் பலியிட வேண்டாமென்று லேவியர் நூல் தடுப்பதை (லேவி 18:21) வாசிக்கும்போது, அக்காலத்தவர் எத்துணைக் கொடியவர்கள் என்று நாம் எண்ணுவோம். அவர்களும் பிள்ளைகளை நேசித்தவர்களாகவே இருந்திருப்பர். குடும்பத்தின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று நம்பியிருப்பர்.

தொடக்கத்தில் நன்மையாக இருந்தவை பின்பு சிலையாவதை விவிலியமே காட்டுகின்றது. பாலைநிலத்தில் பாம்புக்கடியால் மக்கள் மடிந்தபோது, வெண்கலத்தால் ஒரு பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்துமாறு கடவுளே மோசேயிடம் கூறினார். அதனை நோக்கியோர் பிழைத்தனர் (எண் 21:8-9). பல நூற்றாண்டுகளின் பின்னர் எசேக்கியா அரசர் அதே பாம்பை உடைத்து நொறுக்கினார். ஏனெனில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தனர் (2 அர 18:4). கடவுள் தந்த பொருள், மோசே செய்த பொருள், மக்களைக் காத்த பொருள். உடைக்கும்போது எசேக்கியாவின் கை நடுங்கியிருக்காதா?

நமது சமூகத்தின் வெண்கலப் பாம்பு எது என்று என்னைக் கேட்டால் சீதனம் என்பேன். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்து வடிவம் பெற்ற தேசவழமைச் சட்டத்தைப் பார்ப்போர் ஓர் உண்மையைக் காண்பர். முதுசம் ஆண் பிள்ளைகளுக்கு. சீதனம் பெண் பிள்ளைக்கு. சீதனம் என்பது அவளுடைய சொத்து. தாய்வழி வந்த காணியோ நகையோ மணமாகிச் செல்லும் மகளைக் கைவிடாதிருக்கும் பொருட்டு அவள் பெயரில் எழுதப்பட்டது. பெண்ணுக்குச் சொத்துரிமை அரிதாயிருந்த காலத்திலே அது பெருமைக்குரிய வழக்கம். இன்று நடப்பது வேறு. காணியும் வீடும் நகையும் போதாமல் நன்கொடை என்ற பெயரிலே மணமகனின் வீட்டாருக்கு ரொக்கம் கொடுபடுகின்றது. மணமகன் வெளிநாட்டில் இருந்தால் ஒரு தொகை, வைத்தியராக இருந்தால் இன்னொரு தொகை. நன்கொடை என்று சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும்.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் வேறொரு பங்கிலே பணியாற்றிய காலத்தில், தந்தையார் ஒருவர் தம் மகளின் திருமண ஒழுங்குகளுக்காக என்னிடம் வந்தார். கடற்றொழில் செய்பவர். பத்திரங்களை எல்லாம் முடித்த பின்னரும் எழுந்து போகாமல் இருந்தார். "எல்லாம் சரிதானே ஐயா?" என்று கேட்டேன். "வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றுப்போட்டேன் சுவாமி. வீட்டுறுதியும் ஈட்டிலே கிடக்குது. பிள்ளை நல்லாயிருந்தால் காணும்" என்றார். மணமகனின் வீட்டாரை நான் அறிவேன். நாள்தோறும் செபமாலை சொல்லும் குடும்பம். அவர்களுடைய தாயார் மாதா சபையில் முக்கியமானவர். கோவில் திருத்த வேலைக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள். அவர்களை அழைத்துப் பேசவேண்டும் என்று உள்ளம் சொன்னது. நான் பேசவில்லை. திருவிழா அண்மித்துக்கொண்டிருந்தது, கொடியேற்றத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு மனக்கசப்பு வேண்டாமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தத் திருமணத்தைப் பூமாலைகளுக்கும் ஒளிவிளக்குகளுக்கும் நடுவே நானே ஆசீர்வதித்தேன். அத்தந்தை பின்பு மற்றவர்களின் வள்ளத்திலே கூலிக்குத் தொழிலுக்குப் போனார்.

மீக்காவின் வீட்டு லேவியனை நான் எளிதில் இகழ முடியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். சிலை இருக்கும் வீட்டிலே உணவும் உடையும் பெற்று, கேட்கும்போதெல்லாம் ஆசீர் வழங்கிக்கொண்டு, சிலையைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தான் அவன். பதினெட்டாம் அதிகாரத்தின் இறுதியிலே தாண் குலத்தாரின் குருவுடைய வம்சவழி தரப்படுகின்றது. அவன் பெயர் யோனத்தான். மோசேயின் மகன் கெர்சோமின் வழி வந்தவன். சீனாய் மலையிலிருந்து முதற் கட்டளையைக் கொண்டுவந்தவரின் குடும்பம்!

ஏனையவற்றை நீட்டி எழுத இடமில்லை. திருமணப் பேச்சின்போது பங்குத்தந்தைக்குத் தெரியாமல் சாதகம் பார்த்துவிட்டு, பொருத்தமான நாளைக் கோவிலில் வந்து கேட்போர் உள்ளனர். ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை நேரும் என்று புனிதரின் படத்தோடு கைத்தொலைபேசியில் வரும் செய்தியை அஞ்சி அனுப்புவோரும் உள்ளனர். முன்னர் அது கடிதமாகத் தபாலில் வந்தது. இப்போது முத்திரைச் செலவு மிச்சம். புனித அந்தோனியாரிடம் காரியம் நடந்தால் இவ்வளவு, நடவாவிட்டால் ஒன்றுமில்லை என்று பேரம் பேசுவதும் இதே வகைதான். திருவிழாவிலே திருச்சுரூபத்தைத் தோளிற் சுமக்கும் உரிமை எந்தப் பகுதியாருக்கு என்று சில ஊர்களில் எழும் பிணக்கோ இவை எல்லாவற்றிலும் கொடியது. அங்கே மக்கள் தூக்கிச் சுமப்பது புனிதரை அன்று, தங்கள் சாதியைத்தான்.

2022இல் சில மாதங்களுக்குள் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, வங்கிப் புத்தகத்திலுள்ள தொகையை நம்பி முதுமைக்கு ஆயத்தமாயிருந்தோர் பட்ட வேதனையை நாம் கண்டோம். பணம் ஒரு தெய்வமானால் அது எத்துணை நம்பிக்கைத் துரோகமான தெய்வம் என்பது அந்த எரிபொருள் வரிசைகளிலே தெரிந்தது. ஆனால் அதன் பின்னர் நாம் செய்தது தெய்வத்தை மாற்றிக்கொண்டதே. ரூபாவை விட்டுப் பவுணுக்குப் போனோம்.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹிட்லரின் ஆட்சிக் காலத்தில், 1937ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஜெர்மன் மொழியில் எழுதிய சுற்றுமடல் அந்நாட்டின் கோவில்களிலெல்லாம் வாசிக்கப்பட்டது. இனமும் மக்களும் அரசும் மதிப்புக்குரியவையே; ஆனால் அவற்றை அனைத்துக்கும் மேலான அளவுகோலாக்கித் தெய்வம்போல் போற்றுவோர் கடவுள் வகுத்த ஒழுங்கைச் சிதைக்கின்றனர் என்று அம்மடல் கற்பித்தது. இத்தீவில் வாழும் கத்தோலிக்கர் இதனை இரு மொழிகளிலும் வாசிப்பது நன்று. நம் மக்கள் பட்ட துன்பத்துக்கு நீதி கேட்பது சிலை வழிபாடன்று. அது இறைவாக்கினரின் பணி. ஆனால் ஆவணித் திருவிழாவிலே மடுத்தாயின் முன்னே சிங்களத்திலும் தமிழிலும் ஒரே திருப்பலியில் பங்குகொண்டுவிட்டுத் திரும்பும் வழியிலே, பேருந்தில் அருகிருப்பவர் வேற்று மொழியில் பேசியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமாயின், பயணத்தின்போது நாம் யாரைச் சந்தித்துவிட்டு வருகிறோம்? இக்கேள்வி அவர்களுக்கும் உரியது. நான் எனது மக்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு அந்த மாணவியை மீண்டும் அழைத்தேன். நிசேயாச் சங்கத்தை விட்டுவிட்டு, என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறியபோது எனக்கு வயது பதினைந்து. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் ஒரே தெருவிலே. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க ஓர் அடி வைப்பதற்கு நெடுநேரம் சென்றது. மழையும் பெய்தது. எனது தந்தையார் காணி உறுதிகளை ஒரு விசுக்கோத்துத் தகரப்பெட்டியில் இட்டு மார்போடு அணைத்திருந்தார். அம்மம்மா தம் தாயார் காலத்து அந்தோனியார் சுரூபத்தைத் துணியிற் சுற்றி எங்கள் துவிச்சக்கரவண்டியின் பின்னே கட்டியிருந்தார். அவர் அந்தச் சுரூபத்தின் முன்னே விளக்கேற்றாத நாளை நான் அறியேன். அந்தத் தோழி பார்த்திருந்தால் அம்மம்மாவைத்தான் சிலை வழிபாட்டுக்காரி என்று சொல்லியிருப்பாள்.

வழியிலே எங்கள் அயலவரான மூதாட்டி ஒருவர் நடக்க முடியாமல் சேற்றில் அமர்ந்துவிட்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர், முருக பக்தர். அம்மம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கட்டை அவிழ்த்தார். சுரூபத்தைத் தெருவோரத்து மரமொன்றின் அடியிலே வைத்தார். மூதாட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னார். நான் திகைத்து நின்றேன். "அந்தோனியார் இதிலே நிற்கட்டும் மோனை. அவருக்குக் கால் உளையாது" என்றார். பின்பு என் தந்தையாரிடம், ஒரு கையால் மூதாட்டியைப் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டார். தந்தையார் தகரப்பெட்டியைப் பார்த்தார், மூதாட்டியைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைக்க அவரால் முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தந்தையாரை நான் குறைகூறவில்லை. அந்தப் பெட்டிக்குள் அவருடைய முப்பது ஆண்டு உழைப்பு இருந்தது. பிற்காலத்தில் அவரே இதனைச் சொல்லி வருந்தியிருக்கிறார். மறு ஆண்டு ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. உறுதி மட்டும் பத்திரமாக இருந்தது. அந்தோனியாரை நாங்கள் பின்பு காணவில்லை. அம்மம்மா அதைப்பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. சுவரிலே ஒரு படத்தை ஒட்டி அதன் முன் விளக்கேற்றினார்.

மாணவி சற்று நேரம் பேசாதிருந்தாள். "அப்படியென்றால் பாதர், எங்கள் வீட்டில் இருப்பது எது?" என்று கேட்டாள். அதனை நான் எப்படிச் சொல்வேன்? வீட்டிலே அப்பா அம்மாவோடு சேர்ந்து தேடிப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது எனது பங்கில் திருமண அறிவித்தலுக்குப் பெயர் கொடுக்க வருவோரில் இரு வீட்டாரையும் ஒன்றாக அமர்த்தி, எவ்வளவு பேசப்பட்டிருக்கின்றது என்று நேராகவே கேட்கிறேன். சிலர் சினங்கொள்கின்றனர். ஒரு குடும்பம் திருமணத்தை வேறு கோவிலுக்கு மாற்றிக்கொண்டது. இன்னொரு மணமகன் தாயாரின் முகத்தைப் பாராமலே, "அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம் பாதர்" என்றான். தாயார் அவனோடு சில காலம் பேசவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

இவ்வாரம் உங்கள் குடும்பச் செபத்தின்போது நீதித் தலைவர்கள் நூலின் இந்த இரண்டு அதிகாரங்களையும் வாசியுங்கள். கால் மணி நேரத்துக்கு மேற்செல்லாது. தொள்ளாயிரம் காசைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். மீக்கா படைவீரர்களின் பின்னால் ஓடிக் கதறும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்தக் கேள்வியை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் வாயாற் சொல்லிப் பாருங்கள். மூத்தவர்கள் முதலில் சொல்லட்டும்.